பெங்களூரிலிருந்து வராத இன்னொரு காவிரி

திருமுடிவாக்கம் சிட்கோ பக்கம் பட்டறை வைத்திருப்பவரைக் கேளுங்கள்: பிராக்கெட்டை வெட்டி வெல்டு வைத்தால் எந்த வண்டியிலும் எந்த இன்ஜினும் உட்காரும் என்பார். பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மூன்று சக்கரத்தில் பூட்டி மீன்பாடி வண்டி ஓட்டிய ஊராயிற்றே! இதே வித்தையை ஆகாயத்தில் காட்டப் பார்த்தது நேரு சர்க்கார்.

ஹிட்லர் காலத்தில் ஃபோக்கே வுல்ஃப் விமானம் வரைந்த குர்ட் டாங்க், 1956-ல் பெங்களூர் வந்து எச்.ஏ.எல்.லில் உட்கார்ந்தார். ஒலியை முந்துவதற்காக வரைந்த 'மாருத்' போர் விமானம் அவர் கைவண்ணம். அவர் நம்பியது பின்னெரிப்பான் வைத்த ஆர்ஃபியஸ் 12 இன்ஜினை. அதை உருவாக்கப் பிரிட்டிஷ்காரர்கள் காசு கேட்டார்கள். டில்லி ஜாடையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிடைத்தது பின்னெரிப்பான் இல்லாத ஆர்ஃபியஸ் 703. 1961 ஜூன் 17-ல் மாருத் பறந்தது. நேர்மட்டத்தில் ஒலியை மட்டும் கடைசிவரை முந்தவில்லை.

விட்டோமா? ஒரு மாருத்தை எகிப்துக்கு அனுப்பினோம். ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் எகிப்தின் இ-300. 1967-ல் அந்த ஜோடியோடு பறக்கவும் செய்தார்கள்! மீன்பாடிக்காரர்கூட இதற்குத் துணிய மாட்டார். பிறகு எகிப்து கடையைக் கட்டிவிட்டது. பாவம், மாருத்தைக் குறை சொல்லக் கூடாது. 1971 போரில் ஒரு இன்ஜின் அடிபட்டும் மற்றதில் வீடு திரும்பிய மாருத்கள் உண்டு.

1989-ல் தேஜஸ் போர் விமானத்துக்காகச் சுதேசி இன்ஜினுக்கு அனுமதி கிடைத்தது. பெங்களூரில் தயாராக வேண்டிய சரக்குக்குக் 'காவிரி' என்று பெயர் வைத்த மகானுபாவர், ஒரு தஞ்சாவூர்க்காரரிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிவைச் சொல்லியிருப்பார். மறு வருஷமே நதிக்கு நடுவர் மன்றம் வந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பும் வந்தது. இன்ஜின்தான் வரவில்லை. எடை கூடிற்று, உந்துவிசை இலக்கு 81 கிலோநியூட்டன், 70 சொச்சத்தில் மூச்சு வாங்கிற்று. 2008-ல் தேஜஸிலிருந்து கழற்றிவிட்டார்கள். விமானமோ 2001 ஜனவரி 4-லேயே அமெரிக்க ஜி.இ. எஃப்404-ஐ மாட்டிக்கொண்டு பறந்திருந்தது.

விமானத்தில் இன்ஜினை மாற்றி மாட்டுவது வெல்டிங் சமாசாரமல்ல. எடை மாறினால் ஈர்ப்பு மையம் நகரும், கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தியாக வேண்டும். பணக்கார அமெரிக்கர்களே எஃப்-16-ல் பிராட் அண்ட் விட்னிக்கும் ஜி.இ.க்கும் பொதுவாக இன்ஜின் அறை கட்டினார்கள், ஜி.இ. இன்ஜின் காற்றை அதிகம் குடித்ததால் விமானத்தின் வாயையே அகலமாக்க வேண்டியதாயிற்று.

2021-ல் தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கு 99 எஃப்404 கேட்டோம். முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில். கிருஷ்ணராஜசாகரைத் திறக்கச் சொல்லவாவது மேலாண்மை ஆணையம் இருக்கிறது; அமெரிக்க மதகைத் திறக்க யாருக்கு மனுப் போடுவது?