தக்கையப் பாரு மக்கா

ஏலே மக்கா, இங்கன வந்து உக்காரு. கல்லு சுடும், துண்ட விரிச்சுக்கோ. கையில என்னது, தூண்டிலா? தூரத்துல பாத்தப்ப டிவி ஏரியலத்தான் கழத்திக்கிட்டு வாரியோன்னு நெனச்சேன். எட்டாயிர ரூவாயா! சரித்தான். ஆய்க்குடி மீனுக்கு இவ்வளவு மரியாதை இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல.

மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? குத்தகைக்காரன் ஆளு வெரட்டிட்டான், அதானே. அமெரிக்காவுல மீன் பிடிக்கது ஜனங்களோட உரிமைன்னு சட்டமே இருக்குன்னு அவன்கிட்ட எடுத்துச் சொன்னியாம்லா. நீ சொன்னது வாஸ்தவந்தான். வெர்மான்ட்டுன்னு ஒரு சின்ன மாகாணம், 1777-லயே அத அரசியல் சாசனத்துல எழுதிப்புட்டான். கலிபோர்னியாக்காரன் 1910-ல எழுதுனான். புளோரிடாவுல 2024-ல அதுக்குன்னே ஓட்டுப் போட்டாவ. ஏன் முழிக்க? நானும் டீக்கடையில பேப்பர் படிக்கவந்தாம்லே. ஆனா கலிபோர்னியாவுல தூண்டில் போடணும்னா காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும். ஒரு கையில உரிமை, மறு கையில ரசீது. கம்ப எந்தக் கையில பிடிப்பான்னு கேட்டுச் சொல்லு.

நம்ம தேசத்துலயும் தூண்டில்காரனுக்குச் சட்டம் இல்லாம இல்ல. நீலகிரியில 1879-ல வெள்ளக்காரன் ஒண்ணு போட்டான். வேட்டை மிருகத்துக்கும், வெளியில இருந்து கொண்டாந்து பழக்குன மீனுக்கும் பாதுகாப்பு. அதுக்கு முன்னாலயே, 1873-ல, மெட்ராஸ் மாகாணத்துல உத்தியோகம் பாத்த ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு துரை, இந்தியாவுல தூண்டில் போடுதது எப்படின்னு தண்டியா ஒரு புஸ்தகமே எழுதிட்டாரு. துரைமாரு நெனப்புல இருந்தது துரைமாரு கம்பு. உங்க பாட்டன் மூங்கில் கம்பு யாரு நெனப்புலயும் இல்ல. பொறவு 1897-ல மீன்வளச் சட்டம் வந்துச்சு. தண்ணியில வெடி போட்டாலோ விஷங் கலந்தாலோ ரெண்டு மாசம் வரைக்கும் செயிலு, இல்லன்னா 200 ரூவா வரைக்கும் அபராதம்னு அன்னிக்கி எழுதுனான். நல்ல சட்டந்தான். ஆனா அது மீனக் காப்பாத்த வந்தது. உன்னயக் காப்பாத்த இல்ல, கேட்டியா.

நம்ம கணக்க இப்பப் பாரு. குளம் சர்க்காருது. தண்ணி ஆயக்கட்டுக்காரனுது. மீனு, மீன்பாசி ஏலம் எடுத்தவனுது. கரையில நிக்க கருவேல மரத்தக்கூட ஏலம் விட்டுருதான். அதோட நெழல இன்னும் விடல, அதுலதான் நாம உக்காந்திருக்கோம்.

இதுல ஒரு கூத்து இருக்குலே. ஓடுத ஆத்துல இருக்க மீனு யாருக்கும் சொந்தமில்ல, பிடிச்சவனுக்குத்தான். தப்பிக்க வழியில்லாம அடைபட்ட தண்ணியில இருந்து எடுத்தா அது திருட்டுன்னு கோர்ட்டுல பழைய நியாயம் ஒண்ணு உண்டு. அடவிநயினார் அணை நெறஞ்சு, அனுமன் நதியில வெள்ளம் வந்து, குளம் மறுகால் பாயுதுன்னு வையி. அப்ப இந்தக் கெண்டைக்கு வரவும் வழி, போகவும் வழி. பங்குனியில தண்ணி வத்தி மடையையும் அடச்சிட்டா அதே கெண்டை இன்னொருத்தன் சொத்து. கார்த்திகையில சந்நியாசி, பங்குனியில குடும்பஸ்தன்! குத்தகைக் கணக்கு ஓடுத பசலி வருஷம் பொறக்கது ஜூலை 1. திருட்டுக்குப் புதுசா 303-ஆம் பிரிவு வச்ச பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்ததும் 2024 ஜூலை 1. குத்தகைக்காரனுக்கு என்ன ராசின்னு பாத்துக்கோ.

மதுரை, சிவகங்கைப் பக்கம் இதுக்கு ஒரு வழி வச்சிருக்காவ. கோடையில கண்மாய் வத்துனதும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில நின்னு வெள்ளத் துண்ட வீசுவாரு. ஊத்தாவும் கூடையுமா ஊரே எறங்கிரும். அம்புட்டுத்தான் அங்க சட்டம், ஒரு முழத் துண்டு.

சட்டம் கேட்டு மனு போடப் போறேங்கியா? தாராளமாப் போடு. சட்டம் வந்தா பொறத்தாலயே பாரமும் வரும். ஆதார் நகல், ரெண்டு போட்டோ, மண்புழு எங்க தோண்டுனதுன்னு ஒரு சர்டிபிகேட்டு. எல்லாம் கையெழுத்தாகி வாரதுக்குள்ள புழு செத்துரும்.

எனக்குப் பன்னெண்டு வயசுல ஒரு குத்தகைக்காரரு என் கம்ப முழங்கால்ல வச்சு முறிச்சாரு. நான் அழுவலியே. வலையில அம்புடாத வெரால் எந்தக் கல்லிடுக்குல கெடக்கும்னு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மறுவாரம் அவரு வீட்டுக்கு மாப்பிள்ள விருந்து. ஆள் விட்டு என்னையக் கூப்புட்டாரு. நான் புதுக்கம்பு கேட்டேன். வெட்டிக் குடுத்தாரு.

சரி, அந்த ஏரியல இங்க தா. இந்த மினுக்குத் தகடெல்லாம் எதுக்கு, கெண்டை என்ன கல்யாணத்துக்கா போவுது? கழத்து. தங்கூசியில முள்ளக் கட்டு, அதுக்கு ஒரு முழம் மேல இந்த மயிலெறகுத் தண்ட தக்கையா வையி. மாவ நல்லாப் பெசஞ்சு, முள்ளு தெரியாம பட்டாணியளவு உருட்டு. தக்கை லேசா நடுங்கும், அப்ப இழுத்துராத, அது ருசி பாக்கு. சாஞ்சு படுத்து சர்ருன்னு உள்ள போவும் பாரு, அப்பச் சுண்டு.

அந்தா, காவக்காரன் சைக்கிள்ள வாரான். எந்திரிக்காத, கம்பயும் மடக்காத. அமெரிக்காவ மட்டும் வாயில எடுத்துராத. "வாங்க மாமா, டீ குடிச்சாச்சா"ன்னு கேளு. பிடிச்ச ரெண்டு கெண்டையக் கூடையில மேல வையி, அவன் கண்ணு அதுலதான் விழும்.

வெரால் அடியில கெடக்கட்டும். துண்ட எடுத்து மூடுலே, வாலு தெரியுது.