எஞ்சின் ஒலியியல்: மூலமும் உரையும்

எஞ்சின் ஒலி ஆய்வில் முதல்நிலைச் சான்று வண்டிக்காரரின் வாய். ‘டொக்டொக்’, ‘கிணுகிணு’, ‘கீய்ய்ச்’ என்று அவர் நடித்துக் காட்டுவதே மூலபாடம். இதில் பாடபேதம் ஏராளம். ஓட்டியவர் ‘டொக்’ என்று கேட்டதைப் பக்கத்தில் இருந்தவர் ‘டிக்’ என்று சாதிப்பார். பட்டறை வாசலை மிதித்ததும் வண்டி வாயை மூடிக்கொள்ளும் என்பதால், மூல ஓலை தொலைந்த பிறகே பெரும்பாலான ஆய்வுகள் தொடங்குகின்றன.

இத்துறையில் மூத்தது செவிவழி மரபு. மெக்கானிக் நீண்ட ஸ்க்ரூடிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கிறார். ஒலியைவிடத் தாளமே அவருக்கு முக்கியம். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு டேப்பட் 400 முறை தட்டும். இப்படி அரைக்காலத்தில் மெலிதாகத் தட்டினால் டேப்பட். அடிவயிற்றிலிருந்து கனமாக, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஓங்கி அடித்தால் கனெக்டிங் ராடு பேரிங். முன்னதற்கு ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் போதும். பின்னதற்குப் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும்.

குறிவழி மரபு இளையது. வண்டியின் கம்ப்யூட்டரே கோளாறைக் கண்டு, மஞ்சள் விளக்கை ஏற்றி, குறியாகப் பதிந்துவைக்கும் ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். பிஎஸ்-6 விதி வந்த 2020 முதல் இந்திய பைக்குகளிலும் அந்த மஞ்சள் விளக்கு குடியேறிவிட்டது. ஐந்தெழுத்துக் குறி ஒவ்வொன்றும் ஒரு நூற்பா. பி0302 என்பதில் ‘பி’ எஞ்சின்-கியர் பகுதி, ‘0’ எல்லா நிறுவனங்களுக்கும் பொது, ‘3’ பற்றவைப்பு, ‘02’ இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர். தொல்லை உரையில்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் போதவில்லை என்கிறது பி0420. கன்வெர்ட்டரையே மாற்று என்பார் ஒருவர். பின்பக்க ஆக்சிஜன் சென்சார் போலும் என்பார் அடுத்தவர். சைலன்சர் குழாயில் ஓட்டை என்பது மூன்றாவது உரை. பில் தொகை எந்த உரை வென்றது என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் ஆவிக் கசிவைச் சொல்லும் பி0455க்கோ, டேங்க் மூடியை இறுக்குவதே பல சமயம் போதிய உரை.

மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் மட்டும் உரை வேண்டாம், ஓரங்கட்ட வேண்டும்: எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டருக்குக் காது ஏது என்று செவிவழியார் ஏளனம் செய்வதுண்டு. இருக்கிறது. எஞ்சின் பிளாக்கில் முடுக்கிய நாக் சென்சார், பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் அதிர்வைக் கேட்டு ஸ்பார்க்கைச் சற்றுப் பிந்தவைக்கிறது. அமெரிக்காவில் ஹூண்டாய் தன் தீட்டா 2 எஞ்சின்களின் பேரிங் தேய்மானத்தையும் இதே காதால் பிடிக்க மென்பொருள் ஏற்றியது. பேரிங் அடி கேட்டால் பி1326 என்று குறி விழும். இரு மரபுகளும் கைகுலுக்கிய இடம் இது.

மூன்றாவதாக ஓலை எரிப்பு மரபு ஒன்றும் உண்டு. பழைய கார் விற்பவர் பேட்டரி வயரைச் சிறிது நேரம் கழற்றி மாட்டுவார். பல வண்டிகளில் குறி அழிந்து விளக்கு அணைந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கும். வாங்க வந்தவர் ஸ்கேனரைச் செருகினால் ‘சோதனை முடியவில்லை’ என்று வரிசையாக வரும். அங்கேயே விலை பேச்சு மறுபடி ஆரம்பிக்கும்.