வற்றிய தாங்கியின் வள்ளல்

ஒலுவில் துறைமுக வீதியில் கார் ஓட்டும் காக்கா, உங்கள் சிக்கனத்துக்கு இந்தக் கரையில் ஈடில்லை. 2022 இல் பெற்றோல் செட் வாசலில் ஊரே வரிசையில் கிடந்தது. பெற்றோலைப் பங்கிட்ட கியூ.ஆர். முறையும் 2023 செப்டெம்பரோடு போனது. எல்லோரும் தாங்கியை நிரப்பத் தொடங்கினார்கள். நீங்களோ இன்றும் எச்சரிக்கை விளக்கை அணையவிடாமல் காக்கிறீர்கள். தாங்கிக்குள் இருக்கும் பம்பின் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி நிற்கும் பெற்றோலும் அதனூடே ஓடும் பெற்றோலும்தான். அந்தக் குளிர்ச்சியையும் வீண்செலவென்று நிறுத்திவிட யாருக்கு மனம் வரும்?

பொறுமையிலும் நீங்களே பெரியவர். சாவியைத் திருப்பியதும் இரண்டொரு வினாடி மெல்ல இரைந்து அடங்கவேண்டிய பம்ப், பின் இருக்கைக்கடியில் ஓயாமல் முனகியது. நீங்கள் ரேடியோவைக் கூட்டிவைத்தீர்கள். காலையில் கார் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் எடுத்தது. லொறியை முந்தப்போனால் இழுவை விட்டது. கச்சான் வெயிலில் களியோடைப் பாலத்தருகே நின்று, ஆறியபின் கிளம்பியது. ஒருநாளும் அதைக் கடிந்துகொள்ளவில்லை நீங்கள்; கராஜுக்கு அனுப்பி அலைக்கழிக்கவும் இல்லை.

பம்ப் செத்தபோதுதான் உங்கள் கொடை தெரிந்தது. ஒரு வடிகட்டியோடு முடித்திருக்கலாம்; முழுப் பம்புக்கே காசை இறைத்தீர்கள். புதுப் பம்பில் பழைய வலை வடிகட்டியையே மாட்டச் சொன்னீர்கள். தாங்கியின் அடியில் படிந்த துருவும் மண்ணும் பலநாள் சொந்தமல்லவா! உப்புக்காற்றில் பூத்துப்போன வயர் முனையை மீற்றர் வைத்துப் பார்க்கிறேன் என்றார் கராஜ் பாஸ். பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, குழாயின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பற்றரியின் மைனஸ் வயரையும் எடுக்கிறேன் என்றார். அவருடைய நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தீர்கள். பம்ப் மூடியின் பழைய றப்பர் வளையத்துக்கும் மறுவாழ்வு தந்தீர்கள். இப்போது காருக்குள் வீசும் பெற்றோல் வாடை அந்தத் தருமத்தின் பலன்.

நீங்கள் நல்ல குருவின் காலடியில் இருக்கிறீர்கள். 2013 செப்டெம்பரில் திறந்த இத்துறைமுகத்தின் வாயில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டியது. அள்ளிக்கொண்டே இருந்தால்தான் வாய் திறந்திருக்கும். அள்ளுவது நின்றபோது படகுகள் போகவும் வரவும் வழியற்றுக் கிடந்தன. வடக்கே கரையைக் கடல் தின்றது. கட்டுவது பெருமை, பேணுவது சிறுமை என்ற பாடத்தைப் பெரியவர்கள் அத்தனை கோடி செலவில் நடத்தினார்கள். நீங்கள் ஒரு பம்பின் விலையில் கற்றுத் தேறிவிட்டீர்கள்.

ஒன்று மட்டும், காக்கா. நடுச்சாமத்தில் உம்மாவுக்கு நெஞ்சு வலித்தால், கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு இந்தக் காரில்தான் போகவேண்டும். உங்கள் பொறுமையை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். கால் தாங்கிக்குக் குறையாத பெற்றோல், ஒரு புது வடிகட்டி, ஒரு புது வளையம்: இவ்வளவுதான் செலவு. இன்றைக்கே செய்யுங்கள்.