வண்டி பார்க்கிறவர்

நாமக்கல் பக்கம் பழைய வண்டி வாங்கப் போகிறவர் பணத்தைக்கூட மறந்துவிட்டுப் போகலாம். இவரை விட்டுவிட்டுப் போக முடியாது. சங்ககிரி லாரியோ, திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ, கோழிப்பண்ணைக்காரரின் பிக்கப்போ, எது கைமாறினாலும் வாங்குகிறவருக்குப் பக்கத்தில் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு நிற்பார். தொழில் என்னவென்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தாராம். இல்லை, கிளீனராக இருந்து டிரைவரானவராம்.

டயருக்கு ஓர் உதை. கதவைத் திறந்து ஒரு சாத்து. ஆயில் ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்து, ஒரே ஒரு "ம்". அந்த "ம்"முக்கே விலை ஐயாயிரம் இறங்கிவிடும்.

ரிக் முதலாளி ஒருவரின் மகனுக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிப் பார்க்க ஆசை. சேலத்தில் ஒரு பழைய போர்ஷே கேமன் விலைக்கு வந்தது. அதில் லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல் இருக்கிறதா என்பதுதான் பையனின் கவலையெல்லாம். கேட்டுக் காசு கட்டியவர்களுக்கு மட்டும் கம்பெனி போட்டுக் கொடுத்த சாமான் அது.

"அதென்ன கண்ணு?" என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் இவர் வண்டி பார்க்கிறவரே அல்ல. சேற்றில் ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் வெட்டியாகச் சுற்றும்போது டிப்பர் டிரைவர் லாக் போடுவாரே, அதையே தானாக, அளவோடு செய்வது. இவருக்கு அவ்வளவு போதும். 1930களில் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களுக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியிடம் செய்யச் சொன்னது என்று பையன் ஆரம்பித்தான்.

"அவரு சொன்னது இருக்கட்டும் கண்ணு, ஜாக்கி எங்க?"

முன் மூடியைத் திறந்தார்கள். எஞ்சின் இல்லை, பெட்டி வைக்கிற குழி. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் எண்கள் வரிசையாக இருந்தன. 220 இருந்தால் சாமான் உண்டு. இருந்தது. பையன் முகம் மலர்ந்தது.

"ஒட்டுன சீட்டைப் பாத்து வண்டி வாங்குனவனெல்லாம் ரோட்டுல நிக்கறான் மாப்ள."

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். சாதா டிபரன்ஷியல் என்றால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படிச் சுற்றினாலும் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. தேய்ந்த பிளேட்டும் அப்படித்தான் ஏமாற்றும், பல்சக்கரங்களை வைத்தே வேலை செய்கிற டார்சன் வகையும்.

இங்கே இரண்டும் ஒரே பக்கம் சுற்றின. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விற்கிறவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ரெண்டும் ஒண்ணாவே சுத்துதுங்களே? உள்ளார புடிச்சுக்கிட்டாட்ட இருக்குது."

"அது லிமிடெட்..." என்று பையன் வாயெடுத்தான். இவர் அவன் காலை மிதித்தார்.

"ஹவுசிங்கைக் கழட்டோணும். பார்ட்ஸ் வெளிநாட்டுலிருந்து வரோணும். செலவு கூடுமுங்க."

விற்கிறவர் தான் விற்பது என்னவென்று அறியாதவர். விலை இறங்கியது.

சாயங்காலம் பையனின் அப்பா நீட்டிய கமிஷனை, "நமக்குள்ள என்னங்க" என்று இரண்டு தடவை தள்ளிவிட்டு மூன்றாம் தடவை வாங்கி மடியில் செருகினார். விற்றவர் கொடுத்ததை முதல் தடவையே வாங்கிக்கொண்டிருந்தார்.