தனிப் பந்தி

மகளுக்கு அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் பாரெட் ஆனர்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அது என்னவென்று சொந்தக்காரர்களுக்கு நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் பட்டமே வாங்கிவிடுவாள் போலிருக்கிறது.

மன்னார்குடிப் பெரியப்பா அந்தக் காலத்து பி.ஏ. ஆனர்ஸ். "பேஷ்! முடிச்சதும் பரீட்சை எழுதாமலே எம்.ஏ.ன்னு போட்டுக்கலாமே" என்று போனில் குதூகலித்தார். "அது வேற பெரியப்பா. இது யுனிவர்சிட்டிக்கு உள்ளேயே இருக்கிற தனி காலேஜ்" என்றேன். சற்று மௌனம். "ஏண்டா, வெளியில இடம் கிடைக்கலையா?"

உள்ளூர் நிலவரம் இன்னும் மோசம். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நண்பர், "ஏ.எஸ்.யூ.வா? நல்லது சார், வீட்டுக்குப் பக்கம்" என்றார். எங்கள் சாண்ட்லர் ஊரில் 'வீட்டுக்குப் பக்கம்' என்பது துக்கம் விசாரிக்கும் வகை. "ஆனர்ஸ் காலேஜ் சார்" என்று சேர்த்துக்கொண்டேன். செருப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அதை முதல்ல சொல்லக் கூடாதா!"

அந்தக் குலுக்கலில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று பெருமை பேசுவதில்லை. எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டோம், அவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதே தன் அளவுகோல் என்று சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஊரையே அழைத்துச் சோறு போடும் கல்யாண மண்டபம். ஆனர்ஸ் கல்லூரி, அதே மண்டபத்தில் சம்பந்தி வீட்டாருக்குப் போடும் தனிப் பந்தி. சமையல் ஒன்றுதான், கவனிப்பு வேறு. இந்தத் தனிப் பந்தியில் 7,000 இலைக்கு மேல் விழுகிறது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. வழக்கமான கட்டணத்துக்கு மேல் இதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. தனிப் பந்தி என்றால் தனி மொய்.

கதையின் பூர்வீகம் என்னவோ கௌரவமானது. ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஏடலாட், 1922-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஆனர்ஸ் முறையைத் தொடங்கினார்: சின்ன வகுப்பு, நிறைய விவாதம், வெளியிலிருந்து வந்து சோதிக்கும் தேர்வாளர்கள். அது தனியார் கல்லூரி. அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆரிகன் 1960-இலேயே ஆனர்ஸ் கல்லூரி கண்டது. எங்கள் ஊர்க் கல்லூரி 1988-இல் பிறந்தது. 2000-இல் இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட்டும் அவர் மனைவி பார்பராவும் 1 கோடி டாலர் கொடுக்க, அவர்கள் பெயரே நிலைத்தது. இன்டெல்லில் வேலை பார்க்கும் சாண்ட்லர் தமிழர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது, ஏதோ குடும்ப அறக்கட்டளை மாதிரி குரலில் ஓர் உரிமை தொனிக்கும்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டார்கள். "அரங்கேற்றத்தைப் பத்தி எழுதும்மா" என்றேன். "அப்பா, இந்த ஊர்ல அரங்கேற்றம் பண்ணாத இந்தியப் பொண்ணு ஒருத்தியைக் காட்டு, அவளைப் பத்தி எழுதறேன்" என்றாள். கடைசியில் அவள் எழுதியது பாட்டியின் வடாமைப் பற்றி. அரிசோனா ஜூன் வெயிலைக் கண்டு பூரித்துப்போன என் அம்மா, கராஜ் முன்னால் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, ஜவ்வரிசி வடாம் இட்டார். காலையில் இட்டது மாலையில் சலசலவென்று காய்ந்துவிட்டது. பின்னாலேயே குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம்: 'அடையாளம் தெரியாத வெண்ணிறப் பொருளை' உடனே அகற்றவும். பாட்டி பதிலுக்கு ஒரு தட்டு பொரித்துக் கொடுத்தனுப்பினார். இதையா பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது என்று தலையில் அடித்துக்கொண்டேன். இடம் கிடைத்ததும், "யோசனை யாருடையது?" என்று கேட்டவர்களிடம் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

இனிமேல்தான் அவளுக்கு வேலை. முதல் வருடம் முழுக்க 'தி ஹ்யூமன் ஈவென்ட்' என்று ஒரு வகுப்பு. பழங்காலத்திலிருந்து இன்றுவரை உலகத்தார் எழுதிய பெரிய நூல்களை வாசித்து, வட்டமாக உட்கார்ந்து வாதாட வேண்டும். வாய் மூடியிருந்தால் மதிப்பெண் போகும். பதினெட்டு வருடம் எங்களிடம் பயிற்சி எடுத்தவள் என்பதால் எதிர்த்துப் பேசும் பகுதியில் கவலையில்லை. கடைசி வருடம் ஆய்வேடு எழுதி, குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இப்படி இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் நூலகமும் ஆய்வகமும், சிறிய வகுப்பின் கவனிப்பும் ஒன்றாகக் கிடைப்பது லேசான விஷயமில்லை. மொய்யைக் கட்டுங்கள், காரில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கோயில் வாசலில் கை குலுக்குங்கள். கட்டுரையிலும் ஆய்வேட்டிலும் மட்டும் தலையிடாதீர்கள். ஆனர்ஸ் கல்லூரியில் பெற்றோருக்கு இட ஒதுக்கீடு கிடையாது.