ஜூனியர் தேடும் சீனியர்

சென்னை தம்பு செட்டித் தெருவில் ஆபீஸ் வைத்திருக்கும் சீனியர் வக்கீல் ஆண்டு முழுவதும் ஜூனியர் தேடிக்கொண்டே இருப்பார். வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சிலின் 36ஆம் விதி அவர் கையைக் கட்டியிருக்கிறது. ஆள் பிடிக்க அப்படித் தடை இல்லை. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வரும்: 'ஜூனியர் தேவை. சிவில், கிரிமினல் இரண்டும் கற்கலாம். டூ வீலர் அவசியம். தொழிலில் ஆர்வம் முக்கியம்.' சம்பளத்தைப் பற்றி மூச்சு இருக்காது. நேரில் வருகிற பிள்ளையிடமும் சாட்சியச் சட்டத்தில் ஒரு கேள்வி கிடையாது, "அப்பா என்ன பண்றார்?" என்பதில்தான் தொடங்குவார். குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்தால் நாம் ஏமாளிகள். வீட்டிலிருந்து இன்னும் எத்தனை வருடம் பெட்ரோல் காசு வரும் என்று கணக்கெடுக்கிறார். திறமையான ஜூனியரே கிடைப்பதில்லை என்ற அவருடைய புலம்பலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர் சல்லடையில் சலிப்பது திறமையை அல்ல, அப்பாக்களின் வருமானத்தை.

"தொழில் கத்துத் தர்றேனே, நியாயமா நான்தான் காசு வாங்கணும்" என்பார். வாங்க முடியாது, வக்கீலாகப் பதிவு பெறுவதற்கான பயிற்சிக்கே கட்டணம் கேட்பதோ பெறுவதோ தகாது என்கிறது 45ஆம் விதி. நேராக வாங்கக் கூடாததைச் சம்பளம் தராமல் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். கற்றுத்தருவதும் என்ன? காலையில் அன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட் பார்ப்பது, குறை இருக்கிறதென்று கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆன வழக்குக் கட்டைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்து எடுக்கும்படி முகம் வாடாமல் பாஸ் ஓவர் கேட்பது. கடைசியாகச் சொன்னது ஒரு கலை என்பதை மறுக்கவில்லை. அதற்கு மூன்று வருடம் தேவையா? குமாஸ்தாவை இப்படி ஆர்வத்தில் ஓட்ட அவர் துணிய மாட்டார். குமாஸ்தா ஃபீஸ் என்று கட்சிக்காரரிடம் தனியாகவே வசூலாகிறது.

சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. கட்டாயம் அல்ல, பரிந்துரை என்பதை நம்மவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்திருப்பார். ஆணைக்கும் பரிந்துரைக்கும் உள்ள இடைவெளியில்தானே அவர் பிழைப்பே நடக்கிறது! சின்ன ஊரில் வாய்தாவுக்கு வாய்தா கைக்காசை எண்ணுகிற வக்கீல் அவ்வளவுக்கு எங்கே போவார் என்று கேட்டால், அது உண்மையான கேள்வி. அப்படிப்பட்டவர்களில் பலர் சின்ன வழக்கு ஒன்றை ஜூனியர் கையிலேயே விட்டு, ஃபீஸில் பங்கும் கொடுத்துவிடுவார்கள். தம்பு செட்டித் தெருக்காரருக்கு அந்த வறுமை இல்லை. "நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்ற பெருமை இருக்கிறது. அப்படி வந்தவர்களைத்தான் நாம் இன்று சீனியராகப் பார்க்கிறோம். வாடகை கட்ட முடியாமல் பாதியில் கோட்டைக் கழற்றியவர்கள் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. போன மாதம் வங்கியின் சட்டப் பிரிவுக்குப் போய்விட்ட ஜூனியரைப் பற்றிக் கேட்டாலோ, "அந்தப் பையனுக்குத் தொழிலில் அக்கறை இல்லை" என்பார்.