ஏரி தெரியும் அறை

உதய்ப்பூருக்குப் போகிறீர்களா? ‘ஏரி தெரியும் அறை’ என்று விடுதிக்காரர் சொன்னால், எங்கிருந்து தெரியும் என்று கேட்டுவிடுங்கள். நாற்காலி மேல் ஏறி, குளியலறை ஜன்னல் வழியாகக் கழுத்தை வளைத்தால் தெரிவதும் ஏரிதான்; வாடகையில் வித்தியாசம் இருக்காது.

பிச்சோலா ஏரி 14-ஆம் நூற்றாண்டுச் சங்கதி. இரண்டாம் உதய்சிங் நகரத்தை அமைத்ததோ 16-ஆம் நூற்றாண்டில். கரையில் முதலில் இடம்பிடித்தவர்கள் ராஜாக்கள். மிச்சத்தை விடுதிகள் எடுத்துக்கொண்டன. பொதுஜனத்துக்கு கங்கௌர் படித்துறை இருக்கிறது. கட்டணம் கிடையாது, புறாக்கள் உண்டு.

ஏரி நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் அரண்மனை இப்போது நட்சத்திர ஓட்டல். சும்மா எட்டிப்பார்க்க உள்ளே விடமாட்டார்கள். படகில் சுற்றிவந்து படமெடுத்துக்கொள்ளலாம். உள்ளே பணம் கட்டித் தங்கியிருப்பவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது என்பது நமக்கொரு அற்ப சந்தோஷம். 1983-இல் வெளிவந்த ‘ஆக்டோபஸி’ படத்துக்காக ஜேம்ஸ் பாண்ட் இங்கே வந்துபோனார். அதை மொட்டைமாடி உணவகங்கள் பல வருடங்கள் இரவுதோறும் திரையிட்டு வந்தன. ‘தால் பாட்டி’ உணவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவருக்குப் படம் போதிய நீளம்தான்.

கோடையில் வாடகை குறையும், ஏரியும் குறையும். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த நடு ஏரி அரண்மனைக்குத் தரைவழியாகவே போயிருக்கிறார்கள். நல்ல மழை பெய்த வருடம் செப்டம்பரில் போனால் நிறைந்த ஏரியைப் பார்க்கலாம். டிசம்பர் கடைசியில் போனால், ஏரி பார்க்க வந்தவர்களைப் பார்க்கலாம்.